வாசிக்கத் தடுமாறும் குழந்தையும் மூளையின் இடது பக்கமும்

(ஆஸ்டின் டவுன் கிளை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது விஞ்ஞான விஷயமாகப் பேசுங்கள் மாமா, ஆனால் அரை மணிக்குள் முடித்துவிடுங்கள், காபி ஆறிவிடும்" என்று காரியதரிசி சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன். நான் வைத்தியன் அல்ல. விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்து, சர்க்கார் உத்தியோகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வு பெற்றவன். கல்லூரியில் தவளையை அறுத்து அதன் மூளையைப் பார்த்ததுதான் எனக்கும் மூளைக்கும் உள்ள நேரடிப் பழக்கம்.

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் நம்மில் பலர் ஆத்தில் இருக்கிறது. ஆனால் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை. நன்றாகப் பேசுகிற, நன்றாக யோசிக்கிற ஒரு குழந்தைக்கு எழுத்தைக் கண்டால் மட்டும் ஏன் தடுமாற்றம்? அதற்கும் மூளையின் இடது வலது பக்கங்களுக்கும் என்ன சம்பந்தம்? நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், தெரிந்துகொள்ளாமல் செய்த தவறுகளையும் சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டல் நகர் என்றும் பெயர் உண்டு. ஜெர்மனியிலிருந்து வந்து, கன்னடம் கற்று, 1894-இல் சுமார் எழுபதாயிரம் சொற்கள் கொண்ட கன்னட-ஆங்கில அகராதியை வெளியிட்ட ஃபெர்டினாண்ட் கிட்டல் பாதிரியாரின் நினைவாக வைத்த பெயர் அது. அகராதிக்காரர் பெயர் கொண்ட இந்தப் பேட்டையில்தான், புஸ்தகத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்று சொன்ன ஒரு பையன் வளர்ந்தான். அவன் என் பேரன்.

எங்கள் ஆத்துக் கதை

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. ஆத்தில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், டி.வி.யில் ஹிந்தி என்று நாலும் பேசுவான். ஒரு தடவை கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். ஆனால் இரண்டாம் வகுப்பில் ஒரு வரி படிக்கச் சொன்னால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வான். நேற்று படித்த வார்த்தை இன்று புதிதாக இருக்கும். அவனுக்கு இடது கைப் பழக்கம் வேறு.

முதலில் நான் கொடுத்த தீர்ப்பு, "சோம்பேறித்தனம்." பிறகு உறவில் ஒரு பெரியவர், "இடது கையால் எழுத விட்டேளோல்லியோ, அதான் மூளை குழம்பிப் போச்சு, வலது கைக்கு மாத்துங்கோ" என்றார். மாற்றிப் பார்த்தோம். கையெழுத்து கெட்டதுதான் மிச்சம்.

மூன்றாவதாக ஒருவர், வலது மூளையைத் தூண்டிவிடும் வகுப்பு ஒன்று இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு புஸ்தகம் படித்துக் காட்டினார்கள். வெளிச்சம் விழித்திரையில் விழாமல் பார்வை இல்லை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அப்படியிருந்தும், இரண்டு மாதப் பென்ஷனை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆசை அறிவை மறைத்துவிட்டது. சில வாரம் கழித்துப் பேரன் சொன்னான்: "தாத்தா, மூக்குப் பக்கத்துல இடுக்கு வழியாத் தெரியறது. எல்லாரும் அப்படிப் பார்த்துதான் படிக்கறா. எனக்குத் தெரிஞ்சாலும் படிக்க வரலையே."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து, ஒரு ஃபைலை ஆராய்வது போல இந்த விஷயத்தை ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

மொழி எந்தப் பக்கம்?

1861-இல் பாரிஸில் பால் ப்ரோகா என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி வந்தார். பிறர் பேசுவது அவருக்குப் புரியும். ஆனால் பதில் பேச வாயைத் திறந்தால் "டான்" என்ற ஒரே ஓசைதான் வரும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதி சிதைந்திருந்தது. அதே போன்ற இன்னும் சில நோயாளிகளைப் பார்த்துவிட்டு, நாம் பேசுவது மூளையின் இடது பாதியால்தான் என்று ப்ரோகா 1865-இல் எழுதினார். 1874-இல் கார்ல் வெர்னிக்கே, கேட்ட பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியும் இடது பக்கத்திலேயே சற்றுப் பின்னால் இருப்பதைக் காட்டினார்.

அப்படியானால் இடது கைக்காரர்களுக்கு மொழி வலது பக்கத்தில் இருக்குமோ? எங்கள் உறவுக்காரப் பெரியவர் நினைத்தது அதுதான். உண்மை வேறு. வலது கைக்காரர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு மொழி இடது பக்கத்தில். இடது கைக்காரர்களிலும் சுமார் 70 பேருக்கு அது இடது பக்கத்திலேயேதான் இருக்கிறது. மற்றவர்களுக்கு வலது பக்கத்திலோ இரண்டு பக்கமுமோ இருக்கும். அவர்களும் நன்றாகப் பேசுகிறார்கள், படிக்கிறார்கள். எந்தக் கையால் எழுதுகிறோம் என்பதை மாற்றுவதால், மொழி குடியிருக்கும் இடம் மாறாது.

பேச்சு மனிதனுக்கு இயற்கையாக வருவது. எழுத்து அப்படி அல்ல. எழுத்து தோன்றி ஐயாயிரம் வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்கென்று பிறவியிலேயே மூளையில் தனி இடம் ஒதுக்கியிருக்க முடியாது. பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண்கிற பகுதியில் ஒரு சின்ன இடத்தைப் படிப்பு தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. மூளையின் இடது பக்க அடிப்பாகத்தில், பின்புறத்தில் அந்த இடம் இருக்கிறது. எந்த லிபி படித்தாலும் ஏறக்குறைய அதே இடம்தான். அங்கிருந்து எழுத்தின் உருவம், ஒலியைக் கையாளும் பகுதிக்கும் பொருளைக் கையாளும் பகுதிக்கும் போக வேண்டும். இந்தப் பாதை பழகப் பழகத்தான் வேகம் வருகிறது.

எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிவதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது. பசு இடது பக்கம் பார்த்து நின்றாலும் வலது பக்கம் பார்த்து நின்றாலும் பசுதான். மூளை அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆங்கிலத்தில் சின்ன எழுத்து 'பி', 'டி' இரண்டையும் பாருங்கள். கோட்டுக்கு வலது பக்கம் வயிறு வைத்தால் ஒரு எழுத்து, இடது பக்கம் வைத்தால் இன்னொன்று. ஐந்து ஆறு வயதில் எல்லாக் குழந்தைகளும் இதில் தடுமாறும். அதை வைத்து மட்டும் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது.

இரண்டு பக்கமும் சண்டையா?

1896-இல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர் பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். புத்திசாலி, கணக்கு வரும், படிக்க மட்டும் வராது. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய வாத்தியார் சொன்னாராம். வாசிப்புக் குறைபாடு, அதாவது டிஸ்லெக்ஸியா, பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

1925-இல் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற டாக்டர் இதற்குக் காரணம் சொன்னார். இந்தக் குழந்தைகளுக்கு மூளையின் ஒரு பக்கம் மேலோங்கவில்லை, இரண்டு பக்கமும் எழுத்தின் நேர் உருவத்தையும் எதிர் உருவத்தையும் வைத்துக்கொண்டு போட்டி போடுகின்றன என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் நிலைக்கவில்லை. குறைபாட்டின் வேர் பெரும்பாலும் கண்ணில் இல்லை, சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது என்பது பிற்பாடு தெளிவாயிற்று.

விளக்கம் தவறினாலும் ஆர்ட்டன் காட்டிய வழி தவறவில்லை. அவரும் ஆனா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியையும் வகுத்த முறையில், ஒவ்வொரு எழுத்தையும் பார்த்து, உரக்கச் சொல்லி, விரலால் எழுதி, கொஞ்சம் கொஞ்சமாக வரிசைப்படி கற்றுக்கொடுப்பார்கள். இதைப் படித்தபோது எனக்கு வித்யாரம்பம் ஞாபகம் வந்தது. தட்டில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து, எழுத்தைச் சொல்லிக்கொண்டே எழுத வைக்கிறோம். பழைய திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத வைத்தார்கள். ஒரு நாள் சடங்காக முடித்துவிட்டு மறுநாளே ஒர்க்புக் கொடுத்துவிடுகிறோம்.

மூளையின் பக்கங்கள் பற்றிய ஆராய்ச்சி அதோடு நிற்கவில்லை. 1968-இல் கெஷ்விண்ட், லெவிட்ஸ்கி என்ற இருவர், இறந்தவர்களின் நூறு மூளைகளை அளந்து பார்த்தார்கள். மொழி சம்பந்தமான ஒரு பகுதி 65 மூளைகளில் இடது பக்கம் பெரிது, 11-இல் வலது பக்கம் பெரிது, 24-இல் ஏறக்குறைய சமம். 1985-இல் கலபுர்டா என்பவரும் சகாக்களும் வாசிப்புக் குறைபாடு இருந்த நான்கு பேரின் மூளைகளைப் பார்த்தபோது, நான்கிலும் அந்தப் பகுதி இரு பக்கமும் சமமாக இருந்தது. "அகப்பட்டது காரணம்!" என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பிறகு உயிரோடு இருப்பவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரி முடிவு தரவில்லை. நாலு பேரை வைத்து நாட்டுக்கே சட்டம் போட முடியாது என்பது ஆபீஸில் கற்ற பாடம். விஞ்ஞானத்திலும் அதுதான்.

ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. இந்தக் குழந்தைகள் படிக்கும்போது, எழுத்தையும் ஒலியையும் இணைக்கிற இடது பக்கப் பின்பகுதிகள் மற்றக் குழந்தைகளுக்கு வேலை செய்யும் அளவுக்கு வேலை செய்வதில்லை.

காரணமா, விளைவா?

இங்கேதான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. இடது பக்கம் சரியாக வேலை செய்யாததால் படிப்பு வரவில்லையா? அல்லது படிப்பு வராமல், அதனால் படிக்காமல் இருந்ததால் இடது பக்கம் பழகவில்லையா? ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த டாரதி பிஷப் 2013-இல் இதே கேள்வியை எழுப்பி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்றுதான் நான் படித்ததிலிருந்து புரிந்துகொள்கிறேன். குடும்பத்தில் வருகிற அம்சம் நிச்சயம் உண்டு. அதன் மேல், படிக்காமையின் விளைவும் வந்து சேர்கிறது.

படிப்பு மூளையை மாற்றும் என்பதற்கு நம் தேசத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. லக்னோவுக்குப் பக்கத்துக் கிராமங்களில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி லிபி கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வின்படி, முப்பது வயதைத் தாண்டிய மூளையிலும் மாற்றம் தெரிந்தது. அப்படியானால் எட்டு வயதுப் பையன் விஷயத்தில் கை விரிக்க நமக்கு என்ன உரிமை?

வலது பக்கமும் எதிரி அல்ல. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தக் குறைபாடு உள்ள 25 சிறுவர்களை இரண்டரை வருஷம் கவனித்தார்கள். படிக்கும்போது வலது பக்க முன்பகுதி யாருக்கு அதிகம் வேலை செய்ததோ, அவர்களே அதிகம் முன்னேறினார்கள். ஆனால் கண்ணைக் கட்டியோ, பாட்டுப் போட்டோ அதைத் தூண்டிவிடலாம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

நம் லிபிகள்

பெங்களூரில் இருக்கிற நமக்கு இன்னொரு கேள்வி. எந்த மொழியில் சோதிப்பது? இந்த ஊருக்கும் மைசூருக்கும் இந்த ஆராய்ச்சியில் நல்ல இடம் உண்டு. 1981-இலேயே டாக்டர் பிரதிபா காரந்த், கன்னடமும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் மூளை பாதிப்பால் வாசிக்கும் திறனை இழந்ததை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இங்கே பணியாற்றிய சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளைச் சோதித்து 2007-இல் எழுதினார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து போதும். நம் லிபிகளில் உயிர்மெய்களும் கூட்டெழுத்துகளும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் போவதால், எழுத்துப் பழக்கம் முழுமையாகப் பல வகுப்புகள் ஆகின்றன என்று அவர் காட்டினார்.

தமிழிலும் பாருங்கள். 'கெ' என்று சொல்லும்போது 'க்' முன்னால், 'எ' பின்னால். எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் முன்னும் பின்னும் காவல். ஒரே 'க' மூன்று விதமாக ஒலிக்கிறது. நாம் பழகிவிட்டதால் தெரிவதில்லை. நானும் 1978-க்கு முந்தைய 'ணை', 'னை' வடிவங்களில் படித்தவன். புது வடிவம் வந்தபோது நான் திணறியதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொல்லவில்லை.

மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் 2011-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சுவாரஸ்யமானது. ஹிந்தியையும் ஆங்கிலத்தையும் சிறு வயதில் ஒன்றாகப் படித்தவர்களின் மூளை இரண்டுக்கும் இடது பக்கத்திலேயே வெவ்வேறு பாதைகளைப் பயன்படுத்தியது. ஜப்பானில் வளர்ந்த ஒரு பையன் ஜப்பானிய மொழியைச் சிரமமின்றிப் படித்தான், ஆங்கிலத்தில் மட்டும் திணறினான் என்று 1999-இல் ஒரு குறிப்பு வெளியானது. ஆகவே ஒரே மொழியில் மட்டும் சோதித்து முடிவு சொல்லக் கூடாது. அந்த மானேசர் மையம் 2015-இல் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் சோதனை முறை ஒன்றை வெளியிட்டது.

நம் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. வேதத்தைக் காதால் கேட்டுக் காப்பாற்றிய பரம்பரை இது. எழுதி வைத்துக்கொண்டு ஓதுபவனைக் கீழ்த்தரமான பாடகர்களில் சேர்க்கிறது பாணினீய சிக்ஷை. அப்படிப்பட்ட நாம், படிக்கத் தெரியாதவனை மக்கு என்று சொல்வது வேடிக்கைதான். வேத பண்டிதர்கள் 21 பேரின் மூளையில் சில பகுதிகள் பெரிதாக இருந்ததாக 2016-இல் வெளியான ஆய்வை நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அது உண்மையான ஆய்வு. ஆனால் மந்திரம் சொன்னால் வாசிப்புக் குறைபாடு தீரும் என்று அது சொல்லவில்லை. அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அதைச் சேர்க்காதீர்கள்.

என் பிள்ளை சொன்னது

பேரனைச் சோதித்த உளவியல் நிபுணர், "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்று முந்திக்கொண்டேன். பக்கத்தில் இருந்த என் பிள்ளை, "எனக்கு இருந்தது" என்றான்.

பத்தாம் வகுப்பு இரண்டு தடவை தவறியவன் அவன். சின்ன வயதில் அவன் இடது கையில் பென்சிலைப் பிடித்தபோது, ஸ்கேலால் தட்டி வலது கைக்கு மாற்றியவன் நான். கல்யாண வீடுகளில் "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டால் பேச்சை மாற்றியவனும் நான். இன்று அவன் ஒரு தொழிற்சாலையில் மிஷின்களைப் பிரித்துப் பூட்டுகிறான். வரைபடம் பார்த்தால் போதும், எந்தப் பாகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். ஆனால் ஆபீஸ் சர்க்குலரை போனில் உரக்கப் படிக்கவிட்டுக் காதால் கேட்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

வீடு திரும்பும்போது காரில் சொன்னான்: "அப்பா, நீங்க அடிச்சது எனக்கு மறந்துபோச்சு. 'உன்னால முடியும், நீ வேணும்னே பண்றே'ன்னு சொன்னேள் பாருங்கோ, அதுதான் மறக்கலை." நான் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டேன். எழுபது வயதுக்கு மேல் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது கஷ்டம்தான். நாற்பது வருஷம் முன்னால் தெரிந்திருந்தால் கேட்கவேண்டி வந்திருக்காது.

என்ன செய்யலாம்?

முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டும் சரியாக இருந்து, குழந்தை நன்றாகப் பேசி, படிப்பில் மட்டும் பின்தங்கினால், உளவியல் நிபுணரிடம் முறையான சோதனை செய்யுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இது அபூர்வ விஷயம் அல்ல. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்கு ஏதோ ஓர் அளவில் உண்டு என்கிறார்கள்.

இரண்டாவது, காகித வேலை. பழைய அதிகாரி சொல்வதைக் கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இதுவும் ஒன்று. 2018 ஜனவரியில் வந்த வழிகாட்டு நெறிகள், நம் ஹோசூர் ரோடு நிம்ஹான்ஸ் வகுத்த சோதனைத் தொகுப்பையே இதற்கு அளவுகோலாகக் குறிப்பிட்டன. எட்டு வயதில் சான்றிதழ் கொடுத்து, பதினாலிலும் பதினெட்டிலும் மறுபடி சோதிக்கலாம் என்றும் சொல்லின. கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், சில மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் கல்வி வாரியத்துக்கு வாரியம் மாறும். பரீட்சை வருஷத்தில் ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே கேட்டு, விண்ணப்பத்துக்கு நகல் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருக்கும் அன்பர்களுக்கு, 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் இருக்கிறது.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதை வரிசையாக, வெளிப்படையாகச் சொல்லிக் கொடுப்பதே பலன் தருகிறது என்று 2000-இல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது. தினம் இருபது நிமிஷம் போதும். கதையையும் பாடத்தையும் காதால் கேட்க விடுங்கள். வாசிப்பு மெதுவாக வருகிறது என்பதற்காக அறிவைப் பட்டினி போட வேண்டாம்.

நானும் பேரனும் தட்டில் அரிசியைப் பரப்பிக்கொண்டு மூன்று வருஷமாக உட்கார்கிறோம். இடது கையால்தான் எழுதுகிறான். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான், எழுத்துப் பிழையும் நிறைய. ஆனால் போன மாதம் பஸ் போர்டில் கன்னடத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை, நான் கேட்காமலே படித்துச் சொன்னான். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

நான் வேண்டுவது ஒன்றுதான். விசேஷங்களில் குழந்தைகளைப் பார்த்ததும் "என்ன ரேங்க்?" என்று கேட்காதீர்கள். உங்கள் ஆத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் மறைக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், கூட்டம் முடிந்ததும் என்னைக் கேளுங்கள். துணைக்கு நானே வருகிறேன். எனக்கு வேறு வேலை இல்லை.

காபி ஆறியிருந்தால் மன்னிக்கவும்.